பிரசிடெண்டைப் பாதியில் இறக்க முடியுமா?

டோம்பிவிலியில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். நலம் விசாரித்து முடிக்கும் முன்பே, "மாமா, முற்றத்திலே முட்டளவு தண்ணி நிக்குதுன்னு அம்மா அழுவுறா. நாம ஓட்டுப் போட்டு உக்கார வச்ச ஆளுதானே, நாமளே எறக்கி விட முடியாதா?" என்று கேட்டான். போனில் சொல்லி மாளுகிற பதில் இல்லை அது. நம் இதழைப் படிக்கும் குடும்பங்களில் பலருக்கும் ஊரில் ஒரு வீடோ, வயதான தாயாரோ, ஒரு துண்டு ரப்பர் விளையோ இருக்கிறது. இதே கேள்வி அவர்களுக்கும் ஒரு நாள் வந்திருக்கும். ஆகவே அவனுக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் வக்கீல் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் 36 ஆண்டுகள் தண்டவாளமும் ஜல்லியும் பார்த்தவன். ஆனால் விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் அந்த வேலையில் வந்து ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

என் தங்கை வீடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கிடைக்கவில்லை, கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் எங்களுக்கு விசித்திரமான ஒரு நிலைமை. கல்யாணம், சந்தை, பேச்சு எல்லாம் ஒன்று. பஞ்சாயத்துச் சட்டம் மட்டும் இரண்டு. அண்ணன் ஒரு சட்டத்தின் கீழும் தம்பி இன்னொரு சட்டத்தின் கீழும் இருக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் அநேகம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கை வீட்டு இடவழிக்கு 180 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பாதையை உயர்த்தினால் மழைத் தண்ணீர் எங்காவது போக வேண்டுமே. அதற்காக எஸ்டிமேட்டில் பக்க ஓடையும் இருந்தது. துலாமாத மழையில் தண்ணீர் நேராகத் தங்கையின் முற்றத்துக்கு வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நாங்கள் எம்.புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தின் நகல் கேட்டு வாங்கினேன். அதில் 120 மீட்டர் ஓடை கட்டி முடித்ததாகப் பதிந்து, பில்லும் பாஸ் ஆகியிருந்தது. டேப் பிடித்துப் பார்த்தேன். 46 மீட்டர் இருந்தது.

எங்கள் வார்டு மெம்பர்தான் பஞ்சாயத்துப் பிரசிடெண்டும். கான்ட்ராக்டை எடுத்தவர் வெறும் பெயருக்குத்தான், உள்ளே இருப்பது பிரசிடெண்டின் மைத்துனர் என்று ஊரில் பேச்சு. ஊர்ப் பேச்சு என்பதற்கு மேல் அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஞ்சாயத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் எழுதாததற்கு அதுதான் காரணம்.

ஒரு வாரத்தில் ஆட்டோ ஓட்டும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். "சாரே, நீங்களும் ஒரு ஒப்பு போடணும்." (கையெழுத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒப்பு என்றே சொல்வோம்.) 312 பேர் ஒப்பு போட்டிருந்தார்கள். தலைப்பில், 'கள்ளன் பிரசிடெண்டைத் திரும்ப அழைக்க வேண்டும்' என்று இருந்தது. நான் போடவில்லை. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்படி ஒரு மனுவை வாங்கிக்கொள்ள இந்த மாநிலத்தில் ஒரு அலுவலகமும் இல்லை என்று அவருக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

1994ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில் வாக்காளர் நேரடியாகத் திரும்ப அழைப்பதற்கு இடமே இல்லை. அதிலே இருப்பது நம்பிக்கையில்லாத் தீர்மானம். மலையாளத்தில் 'அவிசுவாசம்' என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். கேரளத்தில் மக்கள் தேர்ந்தெடுப்பது வார்டு மெம்பரை. மெம்பர்கள் கூடிப் பிரசிடெண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏற்றி வைத்தவர்களே இறக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் யோசனை. மூன்றில் ஒரு பங்கு மெம்பர்கள் கையெழுத்திட்டு, மாநிலத் தேர்தல் ஆணையம் அதிகாரம் கொடுத்த அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் 15 வேலை நாட்களுக்குள் கூட்டம் கூட்டுவார். 21 வார்டு உள்ள பஞ்சாயத்து என்றால் நோட்டீசுக்கு 7 பேர், இறக்குவதற்கு 11 ஓட்டு. பதவி ஏற்ற முதல் 6 மாதம் இந்த நோட்டீஸ் கொடுக்க முடியாது. ஒரு முறை தோற்றால் அடுத்த 6 மாதமும் முடியாது. ஜெயித்தாலும் நாற்காலிதான் போகும். வார்டு மெம்பராக அவர் நீடிப்பார். சாதாரண மெம்பரை இறக்க அவிசுவாசமே கிடையாது.

பார்வைக்கு இது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 1999ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அவிசுவாசத்தில் கட்சியின் எழுத்துபூர்வமான விப்பை மீறி ஓட்டுப் போடும் மெம்பர் தன் பதவியை இழப்பார், 6 ஆண்டுகளுக்குப் போட்டியிடவும் முடியாது. விலைக்கு வாங்கப்படும் மெம்பர்களைத் தடுக்க வந்த சட்டம் அது, தேவையானதுதான். ஆனால் தன் பிரசிடெண்டே தவறு செய்கிறார் என்று மனசாட்சிப்படி நினைக்கும் மெம்பரின் கையையும் அது சேர்த்துக் கட்டிவிடுகிறது. எங்கள் பஞ்சாயத்தில் எதிர்க்கட்சியார் ஒருமுறை அவிசுவாசம் கொண்டுவந்தார்கள். கூட்டத்துக்குப் பாதிப் பேராவது வந்தால்தான் கோரம். ஆளும் கட்சியின் 12 பேரும் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். வந்த 9 பேரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அத்தோடு 6 மாதப் பூட்டு விழுந்துவிட்டது.

களியக்காவிளையைத் தாண்டினால் கதை வேறு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் கிராம ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியானால் மக்களே இறக்கலாம் என்று நினைப்பீர்கள்; அதுதான் இல்லை. 205ஆம் பிரிவின்படி, அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்தார் என்று தோன்றினால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டர் தலைவரிடம் விளக்கம் கேட்பார். விளக்கம் திருப்தி இல்லை என்றால் தாசில்தார் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி மெம்பர்களின் கருத்தைப் பதிவு செய்வார். பிறகு முடிவு கலெக்டருடையது. ஓட்டுப் போட்ட ஆயிரம் பேருக்கு இதில் எந்த இடத்திலும் வேலை இல்லை. ஆக, எல்லைக்கு இந்தப் பக்கம் இறக்கும் சாவி கட்சியின் கையில். அந்தப் பக்கம் கலெக்டரின் கையில். ஏற்றி வைத்த வாக்காளன் இரண்டு பக்கமும் வெளியே நிற்கிறான்.

"மக்கள் நேராகத் தேர்ந்தெடுத்தவனை மக்களைத் தவிர வேறு யார் இறக்கலாம்?" என்ற இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலி நகராட்சித் தலைவராக நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மோகன்லால் திரிபாதியை நகராட்சி மன்றம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இறக்கியது. 1992ல் நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. தேர்ந்தெடுப்பதும் இறக்குவதும் சட்டம் தந்த உரிமைகள். எந்த வழியில் இறக்குவது என்பதைச் சட்டமே வகுக்கலாம். மன்றத்தில் இருப்பவர்களும் மக்கள் அனுப்பியவர்கள்தானே என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரி. இருந்தாலும் முற்றத்தில் தண்ணீர் நிற்கிறவளுக்கு அந்தப் பதில் போதவில்லை.

வாக்காளரே இறக்கிய இடம் இந்தியாவில் உண்டா என்றால், உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 2001ல் அனுப்பூர் நகரப் பஞ்சாயத்தின் தலைவர் பல்லவிகா பட்டேல் மக்கள் ஓட்டால் திரும்ப அழைக்கப்பட்டார். அங்கே அப்போது இருந்த விதியைச் சொல்கிறேன், கவனித்துப் பாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட்டுக் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். கலெக்டர் சரிபார்த்து அரசுக்கும், அரசு தேர்தல் ஆணையத்துக்கும் அனுப்பும். அதன்பிறகு ஊர் மக்கள் ரகசிய ஓட்டுப் போட வேண்டும். பதவியேற்று 2 ஆண்டு ஆகாமல் தொடங்கக் கூடாது. ஒரு பதவிக்காலத்தில் ஒரே முறைதான். வாக்குச் சீட்டில் இரண்டு சின்னங்கள்: ஆள் உட்கார்ந்த நாற்காலி, காலி நாற்காலி. அங்கே அந்தத் தேர்தலுக்கே 'காலி குர்சி, பரீ குர்சி' என்று பெயர் வந்துவிட்டது. 2008ல் சத்தீஸ்கரில் இதே விதமாக மூன்று ஊர்களின் தலைவர்கள் இறங்கினார்கள். ஹரியானா 2020ல் சர்பஞ்சைத் திரும்ப அழைக்கச் சட்டம் நிறைவேற்றியது.

நம் வாசகர்கள் பலர் குடியிருக்கும் மகாராஷ்டிரத்திலேயே இதற்கு நெருங்கிய ஒரு ஏற்பாடு இருக்கிறது. சர்பஞ்சை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 2017ல் வந்து, 2020ல் போய், 2022ல் மீண்டும் வந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவரை மெம்பர்களில் நான்கில் மூன்று பங்கினர் தீர்மானம் போட்டால் மட்டும் இறக்க முடியாது. சிறப்புக் கிராம சபையில் மக்கள் ரகசிய ஓட்டால் அதை உறுதி செய்ய வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், நாடாளுமன்றத்தில் 1974ல் திரும்ப அழைக்கும் உரிமைக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் ஒரு கேரளத்துக்காரர்: சி.கே.சந்திரப்பன். கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த அவருக்கு ஜனசங்கத்தின் வாஜ்பாய் ஆதரவாகப் பேசினார். மசோதா நிறைவேறவில்லை. எங்கள் நெய்யாற்றின்கரையில் மக்கள் தங்கள் எம்.எல்.ஏ.வை நடுக்காலத்தில் மறுபடி எடைபோட்டது 2012ல் ஒரு முறை. அதுவும் மக்கள் கேட்டு நடந்ததல்ல. மார்க்சிஸ்ட் கட்சியில் ஜெயித்த ஆர்.செல்வராஜ் தாமே ராஜினாமா செய்து, காங்கிரசின் கை சின்னத்தில் இடைத்தேர்தலில் நின்றார். மறுபடியும் அவரே ஜெயித்தார். கட்சி மாறியவரை ஊர் தண்டிக்கும் என்று டீக்கடையில் பந்தயம் கட்டியவர்களில் நானும் ஒருவன். ஐம்பது ரூபாய் போயிற்று.

சரி, அனுப்பூர் மாதிரி ஒரு விதி நம் ஊருக்கும் வந்தால் எல்லாம் நேராகிவிடுமா? இங்கே எனக்குத் தயக்கம் உண்டு. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளை நினைத்துப் பாருங்கள். தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதை ஆதிக்க சாதியினர் ஏற்கவில்லை. 1996 முதல் தேர்தலே நடவாமல் போகும். நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006ல்தான் அந்த நிலை மாறிற்று. அந்த ஊர்களில் வாக்காளர் பாதிப் பேர் கையெழுத்தால் தலைவரை இறக்கலாம் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால், ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கும் சிரமம்கூட அவர்களுக்கு இருந்திராது. பெரும்பான்மைக்குப் பிடிக்கவில்லை என்பதும் தவறு செய்தார் என்பதும் ஒன்றல்ல.

எனக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. வேலையில் இருந்தபோது என்மேல் ஒரு மொட்டைக் கடிதாசி போயிற்று. ஜல்லி அளவில் நான் காசு பார்த்தேன் என்று. 14 மாதம் விசாரணை நடந்து, ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த 14 மாதத்தில் என்னோடு கேண்டீனுக்கு வர எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. அன்றைக்கு என் வேலை ஓட்டெடுப்பில் தீர்மானமாகும் என்றிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். அந்தக் காகிதத்தில் இருந்த 'கள்ளன்' என்ற சொல்லுக்குக் கீழே நான் ஒப்பு போடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு இங்கிலாந்தில் 2015ல் வந்தது. அங்கே எம்.பி.யைப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கையெழுத்து வாங்க முடியாது. அவர் கோர்ட்டில் தண்டனை பெற்றிருக்க வேண்டும், அல்லது சபையிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதன்பிறகு தொகுதியில் 10 சதவீத வாக்காளர்கள் 6 வாரத்தில் கையெழுத்திட்டால் இடம் காலியாகும். இடைத்தேர்தலில் அவரே மறுபடி நிற்கவும் தடையில்லை. 2019ல் பீட்டர்பரோ தொகுதியில் ஃபியோனா ஒனசன்யா இப்படித்தான் பதவி இழந்தார். நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். முதலில் குற்றம் ஓரிடத்தில் நிலைபெற வேண்டும், பிறகு மக்கள் வர வேண்டும். ரயிலில் அபாயச் சங்கிலி எல்லாப் பெட்டியிலும் தொங்குகிறது. காரணமில்லாமல் இழுத்தால் அபராதம் என்றும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கேரளச் சட்டத்தில் திரும்ப அழைப்பதற்கு வழி இல்லையே தவிர, சாதாரண வாக்காளருக்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். ஒன்று, தகுதி நீக்க மனு. பஞ்சாயத்து வேலையில் அல்லது கான்ட்ராக்டில் மெம்பருக்கே பங்கு இருந்தாலோ, கிராம சபையைத் தொடர்ந்து கூட்டாமல் விட்டாலோ, 36ஆம் பிரிவின்படி அந்த வார்டின் எந்த வாக்காளரும் மாநிலத் தேர்தல் ஆணையத்தில் மனுப் போடலாம். 312 பேர் வேண்டாம், ஒருவர் போதும். ஆனால் ஆதாரம் வேண்டும். மைத்துனர் என்ற ஊர்ப் பேச்சை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது. ஆகவே நாங்கள் போகவில்லை. அடுத்தது, உள்ளாட்சிகளுக்கான ஓம்புட்ஸ்மன். 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பதவியைப் பறிப்பது அதன் வேலையல்ல. நஷ்டத்தைப் பொறுப்பானவரிடமிருந்து வசூலிக்க உத்தரவிடலாம், குற்றம் தெரிந்தால் உரிய விசாரணைக்கு அனுப்பலாம். 74 மீட்டர் இல்லாத ஓடைக்குப் பில் என்பது அதற்கு ஏற்ற புகார்.

மூன்றாவதாகக் கிராம சபை. கேரளத்தில் ஒவ்வொரு வார்டும் ஒரு கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்ட வேண்டும். 10 சதவீத வாக்காளர்கள் விஷயத்தை எழுதிக் கேட்டால் சிறப்புக் கூட்டமும் கூட்ட வேண்டும். கூட்ட வேண்டியவர் வார்டு மெம்பர், தலைமை வகிப்பவர் பிரசிடெண்ட். எங்கள் வார்டில் இரண்டும் அவரே என்பதால், தன் ஓடையைப் பற்றிய கூட்டத்தைத் தானே கூட்டித் தானே தலைமை வகிக்க வேண்டியதாயிற்று!

எங்கள் வார்டில் ஏறக்குறைய 1,200 ஓட்டு. 120 ஒப்பு போதும். பழைய காகிதத்தின் தலைப்பை மட்டும் மாற்றி ஒட்டிவிடலாமே என்றார் ஆட்டோத் தம்பி. அது கூடாது, ஒருவர் எதைப் படித்து ஒப்பு போட்டாரோ அதற்குத்தான் அது செல்லும் என்று சொல்லிப் புதிதாக எழுதினோம்: 'இடவழியின் பக்க ஓடை சம்பந்தமான அளவுப் பதிவு குறித்து விவாதிக்க.' இதற்கு ஒப்பு போட்டவர்கள் 143 பேர். 'கள்ளன்' என்றபோது வந்த மற்றவர்களை 'அளவுப் பதிவு' இழுக்கவில்லை. நான் இந்த முறை முதல் ஆளாகப் போட்டேன்.

கூட்டத்தில் அளவுப் புத்தக நகலை வாசித்தேன். பஞ்சாயத்து இன்ஜினியர், பதிவில் பிழை நேர்ந்திருக்கலாம் என்றார். பிழையா, வேறொன்றா என்பதை நான் அங்கே பேசவில்லை. 46க்கும் 120க்கும் உள்ள வித்தியாசத்தை மினிட்சில் எழுதச் சொன்னேன். பிரசிடெண்ட் என்னை முறைத்தார், ஆனால் எழுதினார்கள். அந்த மினிட்சின் நகலோடு ஓம்புட்ஸ்மனுக்கு மனு போயிருக்கிறது. விசாரணைத் தேதி வர வேண்டும்.

மருமகனே, நீயும் ஒப்பு போடுவதாகச் சொன்னாய். உன் ஓட்டு டோம்பிவிலிப் பட்டியலில் இருக்கிறது, இங்கே செல்லாது. உன் அம்மாவின் பெயர் இங்கே இருக்கிறது. மனு மலையாளத்தில் இருந்தது. அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தமிழில் ஒப்பு போட்டாள். கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் ஜல்லியும் சிமெண்டும் வந்து இறங்கின. நேற்றுச் சாயங்காலம் டேப் பிடித்துப் பார்த்தேன்: 97 மீட்டர்.